பால்வெட்டும் பாதையில் ஒரு மிதிவண்டி

விடியற்காலை நான்கரை மணிக்குப் பளுகலுக்கும் காரக்கோணத்துக்கும் இடைப்பட்ட ரப்பர் தோட்டங்களைத் தொலைவிலிருந்து நோக்குபவர்க்கு, மரங்களின் நடுவே சிறு விளக்குகள் நகர்வது தெரியும். ஒரு விளக்கு ஓரிடத்தில் அரை நிமிடம்கூட நிற்காது. சில அடிகள் நகர்ந்து மீண்டும் நிற்கும். பால்வெட்டும் தொழிலாளர் நெற்றியில் கட்டியிருக்கும் விளக்குகள் அவை. அண்மைக் காலமாக, எங்கும் நில்லாமல் வளைந்து நெளிந்து இறக்கத்தில் விரையும் வேறுவகை விளக்கும் அங்கே தென்படுகிறது. அது மிதிவண்டியின் விளக்கு. அவற்றுள் ஒன்று என்னுடையது.

இருள் கவிந்த பின் காட்டுப் பாதையிலும் தோட்டப் பாதையிலும் மலைமிதிவண்டி ஓட்டுவது மேலைநாடுகளில் நெடுநாளாக வழங்கிவரும் விளையாட்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் மாவட்ட மலைப்பாதையொன்றில் இளைஞர் சிலர் பழைய மிதிவண்டிகளை உருட்டிவிட்டு 1976இல் பந்தயம் வைத்தனர். இறக்கம் முடிவதற்குள் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் உருகிப் புகைந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிய கிரீஸை அடைக்க வேண்டியிருந்ததால் அப்பாதைக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் ஏற்பட்டது. 1992இல் மேற்கு வர்ஜீனியாவின் கேனன் பள்ளத்தாக்கில் இருபத்துநான்கு மணிநேர அணிப் பந்தயம் தொடங்கியபோது, இரவில் ஓட்டுவதும் பந்தயத்தின் ஒரு பகுதியாயிற்று. நல்ல விளக்கு விளையாட்டுக்கருவிகளுள் ஒன்றாயிற்று.

நம் எல்லைக் கிராமங்களுக்கு இவ்விளையாட்டு பொருந்திவருவதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பே. பாறசாலை, கொல்லயில், குன்னத்துக்கால், வெள்ளறடை என்று வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல நிலம் அலையலையாக உயர்கிறது. செந்நிற வெட்டுக்கல் பூமி. மேடெல்லாம் ரப்பர், சரிவெல்லாம் மரச்சீனியும் வாழையும், பள்ளத்தில் தோடு. நெடுஞ்சாலையில் எந்நேரமும் சரக்கு வண்டிகள் விரைந்துகொண்டிருக்க, அதிலிருந்து அரை கிலோமீட்டர் விலகினால் ஒருவர் மட்டுமே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகள் எண்ணிறந்தவை கிடைக்கும். நெய்யாறு இடதுகரைக் கால்வாயின் கரைப் பாதையும் உண்டு. விளவங்கோட்டு வயல்களுக்கு நீர் கொணர்ந்த கால்வாய் அது. 2004ஆம் ஆண்டுக்குப் பின் தமிழகப் பகுதிக்கு நீர் வராமையால் இப்பக்கம் புதர் மண்டிக் கிடக்கிறது. நீர் ஓடாத கால்வாயின் கரையில் வண்டி ஓட்டுவது எனக்கு மகிழ்ச்சி தரும் செயலன்று; எனினும் சமதளமான பாதை வேறில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவுகளும் தோட்டங்களும் கோயில்களும் கோட்டின் இருபுறமும் பிரிந்து கிடக்கின்றன. பகலில் கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதைக் கொண்டு எல்லையை அறியலாம். இரவில் அந்த அடையாளமும் இல்லை. ஒரே பயணத்தில் மூன்று முறை மாநிலம் மாறியிருப்பேன்; வீட்டுக்கு வந்து கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்த பின்னரே அது தெரியவரும்.

நான் வழக்கமாகத் திரும்பும் இடம் அருவிப்புறம். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் நாராயண குரு நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவிய இடம் அது. விடியுமுன் அங்கு ஆற்றின் ஓசையன்றி வேறொன்றும் கேட்பதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வண்டியைத் திருப்புவேன்.

இரவில் ஓட்டுவதன் நுட்பம் முழுவதும் விளக்கில் அடங்கியிருக்கிறது. நம் தலைமுறையினர் பலரும் டைனமோ விளக்கோடு வளர்ந்தவர்கள். டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் அந்தச் சிறு குப்பி 6 வோல்ட், 3 வாட் மின்சாரம் தரும். அதில் பெரும்பங்கு முன்விளக்குக்கு. மீதி பின்னால் எரியும் சிவப்புப் புள்ளிக்கு. மேட்டில் ஏறும்போது மங்கும், இறக்கத்தில் சுடர்விடும், நின்றால் அணைந்துவிடும். விளக்கில்லாமல் வந்தவரைக் காவலர் மறித்து டயரின் காற்றைப் பிடுங்கிவிட்ட காலமும் நினைவிருக்கும். அந்த விளக்கின் குறைகளை எல்லோரும் சொல்வார்கள். அது எதிரே வந்த எவர் கண்ணையும் கூசச் செய்ததில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

இன்று எல்.இ.டி. விளக்கு உள்ளங்கையில் அடங்குகிறது. ஆயிரம் லூமனுக்கு மேல் ஒளி தருகிறது. வாங்கிய புதிதில் ஒரு குழந்தைத்தனமான பெருமிதம் எனக்கு இருந்தது. இரவைப் பகலாக்கிவிட்டதாக நினைப்பு. ஆனால் அதையும் இரண்டிடத்தில் பொருத்தப் பழக வேண்டும். கைப்பிடியில் உள்ள விளக்கு தாழ இருந்து ஒளி வீசுவதால், கல்லுக்கும் வேருக்கும் பின்னே நீண்ட நிழல் விழும். மேடு பள்ளம் அந்நிழலால் தெரியும். தலைக்கவசத்தில் உள்ள விளக்கோ கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் நிழலை மறைத்துவிடும். குழி இருப்பதே தெரியாது. ஆயினும் வளைவில் வண்டி திரும்புமுன் தலை திரும்புகிறது; தலையோடு ஒளியும் திரும்புகிறது. ஆகவே இரண்டும் வேண்டும்.

வேகத்துக்கும் விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் செல்கிறது. தடையைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, விரல்கள் பிரேக்கைப் பிடிப்பதற்கு இரவில் ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 8 மீட்டர் கடந்திருப்போம். சரளைமண்ணில் வண்டி நிற்க மேலும் 5 மீட்டர் தேவை. ஆக, 13 மீட்டருக்குக் குறைவாகவே தெரியும் விளக்கோடு அவ்வேகத்தில் செல்பவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தை நோக்கிச் செல்கிறார் என்று பொருள். வேகம் 30 ஆனால் தொலைவு ஏறத்தாழ இருமடங்காகி 24 மீட்டர் ஆகிறது. ரப்பர் தோட்டத்தில் மழைநீரைத் தேக்குவதற்காகச் சரிவில் வரிசையாக வெட்டியிருக்கும் குழிகள் மனத்திலிருந்தால், இக்கணக்கை யாரும் மறக்கமாட்டார்.

என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிழை வேறிடத்தில் நேர்ந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து விடியற்காலை. தெரிந்தவர் ஒருவரின் தோட்டம். உள்ளே வர அனுமதி பெற்றிருந்தேன். வளைவொன்றில் திரும்பியபோது, பத்தடி தொலைவில் மரத்தோடு ஒட்டி ஒருவர் குனிந்து நிற்பதைக் கண்டேன். கண்டேன் என்பதிலேதான் தவறு நிகழ்ந்தது. தலையில் விளக்கு எரியும்போது, நாம் யாரைப் பார்க்கிறோமோ அவர் முகத்தில் முழு ஒளியும் விழும். ஓசை கேட்டு அவரும் திரும்பினார். ஒளி கண்ணில் அறைந்தது. கையிலிருந்த கத்தி மரத்தில் இறங்கியது.

வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மரத்தைப் பிடித்தபடி நின்றார். அடிபட்டதா என்று கேட்டேன். தலையை அசைத்தார். பிறகு, “வெளிச்சத்தத் தாத்துப் பிடிக்கணும், மக்களே. எனக்க கண்ணு இனி தெளியணும்லா” என்றார். கோபம் இல்லாத குரல். அது என்னை மேலும் நாணச் செய்தது.

“மன்னிச்சிருங்க மாமா” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மரத்தைக் காட்டினார்.

அக்காயத்தின் பொருள் எனக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. ரப்பர் மரத்தின் பால் கட்டையில் இல்லை. பட்டையில் ஓடும் நுண்குழாய்களில் இருக்கிறது. அக்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், கட்டையை ஒட்டியே மிகுதி. கட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வளர்ச்சிப் படலமே மரத்தின் உயிர். புதிய பட்டை அதிலிருந்துதான் வளர்கிறது. பால்வெட்டுபவர் அப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பாகக் கத்தியை நிறுத்த வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். புண் ஆறும்போது அவ்விடம் முண்டு முண்டாகத் தடித்துவிடும். சில ஆண்டுகள் கழித்து மறுபட்டையில் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. இத்தனையும் நெற்றிவிளக்கின் சிறு வட்ட ஒளியில், சரிவான கோட்டில், ஒரு மரத்துக்கு அரை நிமிடத்துக்குள் நடக்கிறது. ஒரு விடியற்காலையில் முந்நூறு மரங்களுக்குக் குறையாமல் அவர் வெட்டுகிறார். மரக்கணக்கில்தான் கூலி.

பகலில் வெட்டினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அவரிடம் பின்னொரு நாள் கேட்டேன். “வெயில் ஏறினா மரம் பால இழுத்துக்கிடும்” என்றார். தாவரநூலார் சொல்வதும் ஏறத்தாழ அதுவே. இரவில் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுவது குறைகிறது. மரத்தினுள் நீர் நிறைந்து, பால்குழாய்களில் அழுத்தம் விடியுமுன் உச்சத்தை அடைகிறது. சூரியன் ஏறியதும் அழுத்தம் தளர்கிறது. பால் விரைவில் உறைந்து வெட்டுவாய் அடைபடுகிறது. ஆகவே மனிதர் இருட்டில் எழவேண்டியிருக்கிறது. முன்னாளில் தென்னோலைச் சூட்டும் மண்ணெண்ணெய் விளக்கும், பிறகு நெற்றியில் டார்ச்சு, இடுப்பில் மின்கலம், இப்போது எல்.இ.டி. அவர் வீட்டுத் திண்ணையில் மூன்று தலைமுறை விளக்குகளும் கிடக்கின்றன. எதையும் எறிவதில்லை என்றார்.

கண் தெளிய வேண்டும் என்று அவர் சொன்னது வெறும் பேச்சன்று. நம் விழித்திரையில் மங்கிய ஒளியைக் காண்பதற்கென்று தனி உயிரணுக்கள் உள்ளன. அவற்றிலுள்ள நிறமி பேரொளி பட்டதும் சிதைந்துவிடும். மீண்டும் உருவாக அரைமணி நேரம்வரை பிடிக்கும். வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். நான் ஒரு நொடியில் கடந்துவிட்ட ஒளி, அவருக்கு அன்றைய வேலையில் அரைமணியைப் பறித்துவிட்டது. விடியலுக்கு முன் அரைமணி என்பது எத்தனை மரம் என்று கணக்கிட்டுப் பார்த்தேன், ஐம்பதுக்குக் குறையவில்லை.

காயம்பட்ட மரத்துக்கு ஈடு தர முன்வந்தபோது அவரும் வாங்கவில்லை, தோட்டக்காரரும் வாங்கவில்லை. தோட்டக்காரர் மட்டும் ஒன்று சொன்னார்: வெட்டு நாளில் அந்தப் பக்கம் வரவேண்டா. ஒரு தோட்டத்தை அன்றாடம் வெட்டுவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாளோ, மூன்று நாளுக்கு ஒருமுறையோதான் முறை வரும். எந்தத் தோட்டத்துக்கு எந்நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிற தோட்டங்களுக்கும் அவ்வாறே கேட்டு எழுதிக்கொண்டேன். அத்தாள் இன்றும் என் வண்டிப் பையில் இருக்கிறது. எங்களோடு ஓட்டும் நண்பர்கள் ஏழெட்டுப் பேருக்கும் அதுவே நாட்காட்டி.

விளக்கையும் மாற்றினேன். ஜெர்மனியில் சாலையில் ஓடும் மிதிவண்டியின் விளக்கு, மகிழுந்தின் தாழ்விளக்கைப் போல, மேல்விளிம்பு வெட்டப்பட்ட ஒளியையே வீச வேண்டும் என்பது விதி. எதிரே வருபவரின் கண்மட்டத்துக்கு மேல் ஒளி எழும்பாது. அவ்வகை விளக்கு ஒன்றைத் தேடிக் கைப்பிடியில் பொருத்தியிருக்கிறேன். தலைவிளக்கு கடினமான இறக்கத்தில் மட்டும் எரியும். நெற்றிவிளக்கு ஒன்றைத் தொலைவில் கண்டதும் அதை அணைத்துவிட்டு, மணியை ஒருமுறை அடித்து, இறங்கி நடக்கிறேன். நேரம் போகிறதே என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார். போகட்டுமே, பந்தயமா ஓட்டுகிறோம்?

இவ்வூர்களில் இரவு மிதிவண்டி எங்களோடு தொடங்கியதாக நினைப்பதும் பேதைமை. 1960களில் அரிசி மாநில எல்லையைக் கடப்பதற்குக் கட்டுப்பாடு இருந்தபோது, சாவடிகளைத் தவிர்த்து இதே பாதைகளில் அரிசி சென்றது. பின்னிருக்கையில் மூட்டை கட்டி, நள்ளிரவில், விளக்கே இல்லாமல் ஓட்டியவர்களைப் பற்றி முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். விளக்கு இருந்தாலும் ஏற்றமாட்டார்கள், ஒளி காட்டிக்கொடுத்துவிடும். செயினில் எண்ணெய் குறைந்து கிறீச்சிட்டாலும் ஆபத்து. நிலவும் பழக்கமும் காலடி மண்ணின் நிறமுமே வழி. செய்தது சட்டத்துக்குப் புறம்பானது. ஆயினும் 50 கிலோ மூட்டையோடு, பிரேக் சரியில்லாத வண்டியில், இருட்டில் இந்த இறக்கங்களில் இறங்கியவர்களின் திறமையைப் பற்றி ஓட்டுநன் என்னும் முறையில் எனக்கு வியப்பு உண்டு. ஓர் இரவு நானும் விளக்கை அணைத்து, சமமான கால்வாய்க் கரையில் முயன்று பார்த்தேன். கால்மணியில் கண் பழகியது. பாதை சாம்பல்நிற நாடாவாகத் தெரிந்தது. நூறு மீட்டர் சென்றதும் பாதையில் படுத்திருந்த பக்கிக்குருவி ஒன்று சக்கரத்தின் முன்னிருந்து எழுந்து பறந்தது. இருவருமே அஞ்சினோம். விளக்கு எரிந்திருந்தால் அதன் கண்கள் தணலைப் போல முன்னமே மின்னியிருக்கும்.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரப்பர்ச் சருகின் நிறத்திலேயே ஒரு சிறு குழிவிரியன் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத் தோட்டங்களில் உண்டு. நம் நாட்டில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்குக்கானது. இக்குழிவிரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. கடிபட்டவர் எப்பாம்பு என்று ஆராய்ந்துகொண்டிராமல், கடித்த உறுப்பை அசைக்காமல், மருத்துவமனைக்குச் செல்வதே செய்யத்தக்கது. மிதிவண்டி ஓட்டுநர் கணுக்கால் மறையும் காலணி அணிகிறோம். பால்வெட்டுபவர்களில் பலர் செருப்போடு நடக்கிறார்கள்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அப்பெரியவர் தம் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து காட்டினார். ஆண்டுதோறும் மே மாதத்தில் 20 ரூபாய் எதற்கோ பிடிக்கிறார்களே என்று அவருக்கு நெடுநாள் குறை. பார்த்தேன். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் அது. ஊரில் நடந்த முகாமில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறார். 18 முதல் 70 வயது வரை உள்ள சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் சேரலாம். விபத்தில் உயிரிழப்போ முழு ஊனமோ நேர்ந்தால் 2 இலட்சம் ரூபாய், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 இலட்சம். பாம்புக்கடியால் நேரும் மரணமும், மரத்திலிருந்து விழுந்து நேரும் மரணமும் மருத்துவமனைப் பதிவு இருந்தால் இதில் அடங்கும். அப்பதிவு இல்லாமல் நாட்டுவைத்தியத்தோடு நின்றுவிட்டால், உரிமை கோருவது கடினம். வாரிசாக யாரைக் குறிப்பிட்டிருக்கிறார் என்று கேட்டேன், நினைவில்லை என்றார். மறுவாரம் கிளைக்குச் சென்று கேட்டபோது, மறைந்துபோன மனைவியின் பெயர் இருந்தது. மகளின் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தோம். இருபது ரூபாய் பிடிப்பதைப் பற்றி அவர் பிறகு குறை சொல்லவில்லை, ஆனால் எழுபது வயதானதும் நிறுத்திவிடுவார்கள் என்பதை அறிந்ததும், “அதுக்குப் பொறவு பாம்பு கடிக்காதோ?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

இடவப்பாதி மழை தொடங்கியதும் நாங்கள் ஓட்டுவதை நிறுத்திவிடுகிறோம். வெட்டுக்கல் பாதை வழுக்கும். சக்கரம் பதிந்த தடம் மழையில் நீரோடையாகி மண்ணை அரித்துச் செல்லும். பால்வெட்டு நிற்பதில்லை. மரங்களுக்கு நெகிழிப் பாவாடை கட்டி, மழை ஓய்ந்த இடைவெளிகளில் வெட்டுகிறார்கள். ஆவணியில் மீண்டும் பாதைக்கு வரும்போது, எங்கே மரம் விழுந்திருக்கிறது, எங்கே குழி இடிந்திருக்கிறது என்பதை அவர்களிடம் கேட்டே தெரிந்துகொள்கிறோம்.

சென்ற மாதம் அந்த வளைவு வழியாக வந்தேன். வெட்டு நாள் அன்று; இருந்தும் தொலைவில் ஒரு விளக்கு நின்றது. இறங்கித் தலைவிளக்கை அணைத்தேன். அந்த விளக்கும் தரையை நோக்கித் தாழ்ந்தது. அருகே சென்றபோது பெரியவர் ஒட்டுப்பால் பிடுங்கிக்கொண்டிருந்தார். அம்மரத்தின் புண் ஆறி, உள்ளங்கை அகலத்துக்கு முண்டாகத் தடித்திருக்கிறது. அதைக் கடந்து கீழே கத்தி எட்டு விரல் இறங்கிவிட்டது. “இப்பம் நல்லா பால் தருது” என்று சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார்.